கசடு காத்திருக்கும் இடம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஞாயிறும் கிடையாது, இரவும் கிடையாது. கசடு வந்துகொண்டே இருக்கும். அதை ஏற்றிப்போகும் லாரியோ மழைக்கு நிற்கும், விடுமுறைக்கு நிற்கும். உரமாக வாங்கும் வயலுக்கும் பருவம் வேண்டும். இந்த இடைவெளிக்காகத்தான் கசடுக் கிடங்கு.

சென்னை கொடுங்கையூர், பெருங்குடி போன்ற நிலையங்களில் கசட்டைச் செரிப்பான்களில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள். பிறகு சுழல் இயந்திரத்தில் நீரைப் பிரிக்கிறார்கள். 2 சதவீதத் திடப்பொருள் 20 சதவீதமானால் கன அளவு பத்தில் ஒன்றாகிவிடும். இயந்திரத்திலிருந்து விழும் ‘கேக்’ பார்வைக்கு ஈரக் களிமண் மாதிரி இருக்கும். ஆனால், அதில் இன்னும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான், நுண்ணுயிர்களும் ஓயவில்லை. மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் கசிந்தபடி இருக்கும்.

கேக் தானியம்போல் சரிந்து இறங்காது. கூம்பு அடியுள்ள தொட்டியில் கொட்டினால் வளைவாக இறுகிக் குறுக்கே நின்றுவிடும். கீழே வெற்றிடம், மேலே பல டன். அதனால் கேக்கைச் சேமிக்கும் பல சைலோக்களுக்கு, அதாவது உயரமான தொட்டிகளுக்கு, தட்டையான தரை. அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் இரும்புச் சட்டம் கேக்கைச் சுரண்டித் திருகு கன்வேயருக்குத் தள்ளும். அடைத்துக்கொண்டால் குத்திவிட ஆளை உள்ளே இறக்கக் கூடாது. நச்சுவாயு ஒரே மூச்சில் சாய்த்துவிடும்.

வேகமாகச் சுழலும் இயந்திரம் கசட்டைச் சிதைத்துப் புரதங்களை வெளிவிடுகிறது. அவை அழுகும்போது முதல் சில நாட்களில் நாற்றம் ஏறி, பிறகு தணியும். ஆகவே கேக்கை ஓரிரு நாளில் அனுப்பிவிட வேண்டும், இல்லையேல் மாதக்கணக்கில் வைக்க வேண்டும். இரண்டுங்கெட்டானாக ஒரு வாரம் வைத்து ஊர் வழியே கொண்டுபோவதுதான் மோசம்.

நீண்ட நாள் வைத்தால் கிருமிகளும் குறையும். குடல்புழு முட்டைகள்தான் கடைசிவரை தாக்குப்பிடிப்பவை. மனிதக் கழிவை 20 முதல் 35 டிகிரி வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. குளிர்ந்த இடங்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. நம் வெயில் இங்கே பெரிய துணை.

மழைதான் எதிரி. கூரையில்லாத களத்தில் கேக் மறுபடி குழம்பாகி ஓடும். சிமென்ட் தரையும் கூரையும் கசியும் நீரைச் சுத்திகரிப்புக்கே திருப்பும் வடிகாலும் அவசியம். உங்கள் ஊரில் புதிய நிலையம் வரப்போகிறது என்றால், கேக்கை எங்கே, எத்தனை நாள், எந்தக் கூரையின் கீழ் வைப்பார்கள் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே கேளுங்கள்.