26 மில்லி பெட்ரோலும் 1 மீட்டர் பைப்பும்

ஆவணியில் கொட்டகைக்குள் தள்ளிய பவர் வீடரைத் தையில்தான் வெளியே எடுத்தேன். இடையில் 5 மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதில் அடக்கம். கயிற்றை இழுத்தால் ஒரு விரற்கடைகூட வரவில்லை. கோபியிலிருக்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “ஏனுங்க, இன்னொருக்கா இழுக்காதீங்க. பிடிச்சது இன்ஜின்தானான்னு மொதல்ல பாருங்க” என்றார். பிற்பாடு கணக்குப் பார்த்தபோது, காசு எதுவும் கேட்காத அந்தப் பேச்சுதான் எனக்குப் பல ஆயிரத்தை மிச்சம் பிடித்திருந்தது.

இன்ஜின் 196 சிசி, 4 ஸ்ட்ரோக் பெட்ரோல். போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ. முழு வேகமான 3,600 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு 60 தடவை மேலே போய்க் கீழே வரும். அப்படி ஒரு மணி நேரம் ஓடினால் அது கடக்கும் தூரம் 23 கிலோமீட்டர். நம்மூரிலிருந்து டவுனுக்குப் போகிற தூரத்தை அரை அடிகூட நீளமில்லாத குழாய்க்குள்ளேயே நடந்துவிடுகிறது. இத்தனைக்கும் வழுக்கல் கொடுப்பது 600 மில்லி ஆயில்.

கயிறு வராததற்குக் காரணம் நாலு இடத்தில் இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் கத்தியில் சுற்றிய கம்பியோ கியர் பெட்டியோ பிடித்திருக்கிறதா என்பது 2 நிமிடத்தில் தெரியும். கயிற்று மூடியின் 3 போல்ட்டைக் கழற்றி ஃப்ளைவீலைக் கையால் திருப்பினால், சிக்கியது கயிற்றுச் சுருளா என்பதும் வெளிச்சமாகிவிடும். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கார்பரேட்டர் ஊசி சரியாக அடைக்காவிட்டால் டேங்க் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கும். இந்த இன்ஜினின் அமுக்க விகிதம் 8.5. அதாவது பிஸ்டன் உச்சிக்குப் போனதும் மேலே மிஞ்சுகிற இடம் 26 மில்லிதான். 2 மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் பெட்ரோல் நின்றால், திரவத்தை அமுக்க முடியாமல் பிஸ்டன் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்தால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும், வேலை முடிந்தது. செலவு பூஜ்யம். அப்படியே விட்டு முரட்டுத்தனமாக இழுத்தால்தான் கனெக்டிங் ராடு வளையும்.

என்னுடையதில் இந்த மூன்றுமில்லை. பிளக் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்பு ஸ்லீவில் செம்மண் நிறம். வால்வு திறந்த நிலையில் நிறுத்தியிருக்கிறேன், ஈரக்காற்று உள்ளே போய்விட்டது.

டீசலும் ஆயிலும் பாதிப் பாதி கலந்து 50 மில்லி ஊற்றினேன். தினமும் காலையில் ஃப்ளைவீல் நட்டில் சாதாரண ஸ்பேனரைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மூன்றாம் நாள் ஒரு நெல்மணி அகலத்துக்கு அசைந்தது. நான்காம் நாள் முழுச் சுற்று. பிளக் ஓட்டையில் துணியைப் போர்த்திக் கயிற்றை இழுத்தபோது வந்த சிவப்புக் குழம்பைப் பார்த்திருக்க வேண்டும்! டீசல் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும் என்பதால் பழைய ஆயிலை அப்படியே வடித்துக் கொட்டினேன்.

என் நோட்டில் எழுதியபடி:
டீசல் – ரூ. 10
பிளக் – ரூ. 150
ஆயில் 1 லிட்டர் – ரூ. 420
கெட்டுப்போன பெட்ரோல் 2 லிட்டர் – ரூ. 200
கார்பரேட்டர் சுத்தம், கூலி – ரூ. 300
ஆக ரூ. 1,080.

இத்துடன் முடியவில்லை. அந்த நாலு நாளில் வாழைக்குள் களை காத்திருக்குமா? 6 பெண்கள், 2 நாள், தலைக்கு 350 என்று ரூ. 4,200 கொடுத்தேன். ரிப்பேரைப் போல ஏறக்குறைய 4 மடங்கு. இதை யாரும் இன்ஜின் செலவில் எழுதுவதில்லை. நான் எழுதினேன்.

சித்தப்பாவின் கதை வேறு. அதே அளவு இன்ஜின், ஓடிக்கொண்டிருக்கும்போதே கிறீச்சிட்டு நின்றது. வடித்துப் பார்த்தால் ஆயில் 350 மில்லிதான். போதாக்குறைக்கு மேட்டுக்காடு. 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ஆயிலை அள்ளித் தெளிக்கிற கரண்டிக்கே ஆயில் எட்டாது.

ஆயில் வற்றினால் சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் இரும்பு. 100 டிகிரி ஏறினால் 68 மி.மீ. பிஸ்டன் 0.136 மி.மீ. விரியும், ஸ்லீவோ 0.075 மட்டுமே. வித்தியாசம் 0.06. புதிய இன்ஜினில் இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே 0.015 முதல் 0.05 வரைதான். பிஸ்டன் அலுமினியம் போரில் ஈஷிக்கொண்டது. ராடும் அலுமினியம், பேரிங் இல்லாமல் நேராகக் கிராங்க்கில் ஓடுவது, அதுவும் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் தம்பி ஒரு காரியம் செய்தான். நட்டு ஸ்பேனரில் 1 மீட்டர் பைப்பைச் சொருகித் தொங்கினான். 20 கிலோ எடை கொடுத்தாலே முறுக்கு 196 நியூட்டன் மீட்டர். அந்த நட்டுக்குக் கையேடு சொல்வது 75. ராடு போல்ட்டுக்கு வெறும் 12. பைப் வழுக்கிவிட, அடுத்து ஃப்ளைவீல் இறக்கைக்கு நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். இரண்டு இறக்கை உடைந்தது.

பிஸ்டன், ரிங் 900; ராடு 650; கேஸ்கெட் 250; லேத் பட்டறையில் ரீபோர் 600; ஆயில் 420; கூலி 1,500. ஆக 4,320. தம்பியின் கணக்கில் ஃப்ளைவீல் 1,400. மொத்தம் ரூ. 5,720. இதே வகை புது இன்ஜினுக்குச் சொன்ன விலை 14,000. அதில் 41 சதவீதம். பாதியைத் தாண்டினால் பழையதைத் தொடாதீர்கள் என்பது மெக்கானிக்கின் கணக்கு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்திருந்தால் அந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

இந்த ஆவணியில் கொட்டகைக்குத் தள்ளுமுன் பெட்ரோலை வடித்தேன். பிளக்கைக் கழற்றி 5 மில்லி ஆயில் விட்டு இரண்டு தரம் சுற்றினேன். பிளக்கை மாட்டி, கயிறு இறுகுகிற இடம்வரை மெல்ல இழுத்து அங்கேயே நிறுத்தினேன். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். நோட்டில்: ஆயில் 5 மில்லி – ரூ. 2.10.