உஷார்! கொடுத்த கைக்கும் விலங்கு உண்டு

“கொடுத்துத் தொலைச்சிட்டேன்பா. மூவாயிரம்தானே, பீடை ஒழிஞ்சுதுன்னு விட்டுட்டேன்.”

அத்தை இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மாமா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தார். வி.ஏ.ஓ.விடம் இரண்டு நடை, ஆர்.ஐ. அலுவலகத்துக்கு நாலு நடை. “சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்”, “சர்வர் வேலை செய்யல”, “திங்கக்கிழமை வாங்க”. அடுத்த நடையில், வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் கூப்பிட்டிருக்கிறார். “அம்மா, இந்த வெயில்ல ஏன் அலையுறீங்க? சாரைக் கொஞ்சம் கவனிச்சுட்டா ரெண்டு நாள்ல கையெழுத்தாயிடும்.” கல்லாப் பெட்டி மேல் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை அத்தையின் பேரன் ஸ்கேன் செய்தான். பணம் போனது. சொன்னபடி சான்றிதழும் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை இதை என்னிடம் சொன்ன அன்று, பணம் கொடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

2018 ஜூலையில் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1988-இல் வந்த அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இப்போது லஞ்சம் கொடுப்பதை நேரடிக் குற்றமாக்கியிருக்கிறது. 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேறொருவர் கை வழியாகக் கொடுத்தாலும் குற்றம் குற்றம்தான். ஜெராக்ஸ் கடைக்காரரின் க்யூஆர் அட்டை அத்தைக்குக் கேடயம் ஆகாது. திருத்தத்துக்கு முன்பு 24-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ‘நான் கொடுத்தேன்’ என்று சாட்சி சொல்பவர் மீது அந்த வாக்குமூலத்துக்காக வழக்குப் போடக் கூடாது என்றது அது. திருத்தம் அந்தப் பிரிவையே தூக்கிவிட்டது.

கொடுத்த பிறகு தப்பிக்க இப்போது இருப்பது ஒரே வாசல். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர், கொடுத்த 7 நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அவர் மேல் இந்தப் பிரிவு பாயாது.

ஏழே நாள்! ஒரு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய விடுகிற நாட்டில், ஏழைக்குக் கொடுத்த அவகாசம் ஏழு நாள். கணவனை இழந்த ஒரு பெண் இதை எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? ‘லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்’ என்ற வாசகத்தைப் பார்த்திருப்பார். ஏழு நாள் கணக்கை எந்த அலுவலகப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

தண்டனையைவிட என்னைப் பயமுறுத்துவது அதற்குப் பிறகு நடப்பதுதான். எட்டாவது நாளிலிருந்து கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே படகில் ஏறிவிடுகிறார்கள். வாய் திறந்தால் தனக்கும் ஆபத்து என்று கொடுத்தவர் அடங்கிப்போகிறார். அந்த மௌனத்தின் பலத்தில் வாங்கியவர் அடுத்த விதவைக்காக மேஜையில் காத்திருக்கிறார். நாங்கள் பார்த்த வழக்கறிஞர், கட்டாயப்படுத்தினார்கள் என்று வாதாடலாம், ஆனால் போன நாள் போனதுதான் என்றார். அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை. “வேணாம்பா, வீட்டுக்குப் போகலாம்” என்று எழுந்துவிட்டார். இந்த ஏழு நாள் கெடுவை நாடாளுமன்றம் நீட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நீட்டும் வரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 1964 முதல் இயங்கும் துறை அது. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவுவதற்காகக் கொடுக்கும் பணத்துக்கு உங்கள் மேல் வழக்கு இல்லை. அதையும் அதே 8-ஆம் பிரிவே சொல்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்கில் விசாரணையைத் தொடங்க மேலிடத்தின் முன் அனுமதியும் தேவையில்லை. நோட்டுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, வெள்ளைப் பொடியான பினாப்தலீனைத் தடவித் தருவார்கள். வாங்கியவரின் விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அரசு ஊழியர்களையே சாட்சிகளாக வைத்து, இதை முதலில் உங்கள் கண்முன் செய்து காட்டுவார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பதற்றத்தில், அதிகாரி வாயைத் திறப்பதற்குள் பணத்தை நீட்டிவிடுகிறார்கள். கூடவே கூடாது! அவர் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் கொடுக்க வேண்டும். பணத்தைக் கைப்பற்றியது மட்டும் போதாது, கேட்டதையும் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஜெயராஜ் வழக்கில் சொல்லிவிட்டது. அவர் கேட்டதைப் போனில் பதிவு செய்திருந்தால் அந்த போனை அப்படியே வையுங்கள். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டால், அடுத்த நிமிடமே அவர் உஷாராகிவிடுவார்.

புகார் கொடுத்தவரை மிரட்டியோ கெஞ்சியோ பின்வாங்க வைப்பதும் பழைய தந்திரம். அதற்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புகார்தாரர் பிறழ் சாட்சியானாலும், இறந்தே போனாலும், மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வாங்கியவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. இடையில் நிற்கும் புரோக்கருக்கும் அதே தண்டனை உண்டு.

‘பெரிய இடத்து ஆளை நாம் என்ன செய்ய முடியும்’ என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 1 அன்று, அரசு மருத்துவர் ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் வாங்கியதாக, மத்திய அரசின் அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரையே திண்டுக்கல்லில் நம் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த புகாரில்தான் அது தொடங்கியது.

வீட்டில் யாருக்காவது பட்டா, சான்றிதழ், மின் இணைப்பு என்று ஏதாவது வேலை நடந்துகொண்டிருந்தால் இன்று இரவே கேளுங்கள். வயதானவர்களிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். ‘பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம்’ என்று அவர்கள்தான் சொல்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். திட்டாதீர்கள். எந்தத் தேதியில் கொடுத்தார்கள், யார் கேட்டார், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார் என்பதை எழுதி வாங்குங்கள். நேற்று கொடுத்திருந்தால், இன்னும் ஆறு நாள் இருக்கிறது.