சிலுவைக்கு ஒரு விளக்கம், மன்னாவுக்கு ஒரு விளக்கம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே சென்றால், மலையின் தெற்கு அடிவாரத்தில் ரமணாசிரமம் இருக்கிறது. கிரிவலம் வருவோரின் காலடி ஓயாத சாலை அது. பல நாட்டவர் அங்கு வந்து தங்குகின்றனர்; அவர்களுள் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தோர் பலர். ஆதலால் சிலுவையையும் உயிர்ப்பையும் பற்றி அங்கே பேச்சு எழுவது வியப்பன்று. நம் பங்குப் பிள்ளைகளும் அப்பேச்சை நூல்களில் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அப்பா, சிலுவை என்பது நம் உடம்புதானாம், இயேசு என்பது நம் அகந்தையாம். நீங்கள் ஏன் அதை நடந்த கதையாகவே பார்க்கிறீர்கள்?" என்று கேட்கின்றனர். தகப்பனார் திகைக்கிறார், அல்லது சினக்கிறார். இரண்டும் வேண்டுவதில்லை.

அவ்விளக்கம் ரமண மகரிஷியுடையது. 1879-ல் திருச்சுழியில் பிறந்த அவர், மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றவர். விவிலியம் அவருக்குப் புதிதன்று. 1896 செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலைக்கு வந்தவர், 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை அவ்வூரைவிட்டு அகலவில்லை. 1935 முதல் 1939 வரை அவரிடம் அன்பர்கள் கேட்ட கேள்விகளை முனகால வேங்கடராமையா குறித்து வைத்தார். அக்குறிப்புகளில்தான் இது வருகிறது: உடம்பே சிலுவை, அகந்தையே அதில் அறையப்படும் மனுமகன், அகந்தை மாண்டபின் எஞ்சும் மெய்ப்பொருளே உயிர்ப்பு. எரியும் முட்செடியிலிருந்து மோசேக்கு இறைவன் வெளிப்படுத்திய பெயரையும், அமைதியாயிருந்து இறைவனை அறியச் சொல்லும் 46-ஆம் திருப்பாடல் அடியையும் அவர் மிக உயர்வாகப் போற்றினார். எள்ளி நகையாடும் நோக்கம் அவரிடம் துளியும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தகைய விளக்கங்களில் விளையாட்டானவையும் உண்டு. ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கு நெட்டுக்கோடு போன்ற ஒரே எழுத்து. அதைக் குறுக்கே ஒரு கோட்டால் வெட்டினால் சிலுவை கிடைக்கும் என்று மறையுரைகளில் சொல்வதுண்டு. தமிழில் 'நான்' என்று எழுதிக் குறுக்கே கோடிட்டால் சிலுவை வராது. ஆசிரியரிடம் வசவுதான் வரும். மீன் சின்னத்தின் விளக்கமோ நம் முன்னோர் செய்ததே. மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துகளும், இயேசு, கிறிஸ்து, கடவுளின், மகன், மீட்பர் என்ற ஐந்து சொற்களின் முதலெழுத்துகள். அஞ்செழுத்து ஓதும் ஊரில் இதை யாருக்கும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிப் புதுமைகளுக்கு வருவோம். விடுதலைப் பயண நூலில் (முன்னாளில் யாத்திராகமம் என்றோம்) வரும் மன்னாவைத் தேடி, 1927-ல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலார் போடன்ஹைமர் சீனாய்க்குப் போனார். தமரிஸ்க் என்னும் சிறு மரத்தின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்புத் துளிகளே மன்னா என்றார். நம் கொய்யா மரத்தில் மாவுப்பூச்சி விழுந்தால் இலை பிசுபிசுத்து எறும்பு மொய்க்கிறதே, அதே வகைதான். முட்செடிக்கும் விளக்கம் உண்டு. டிக்டாம்னஸ் என்றொரு செடி வெப்பக் காலத்தில் எரியக்கூடிய ஆவியைக் கசியவிடும். நெருப்புக் காட்டினால் குப்பென்று பற்றி அணையும், செடி கருகாது. நெருப்புக் காட்டியவர் யார் என்பதை மட்டும் இவ்விளக்கம் கூறுவதில்லை.

கலிலேயக் கடல்மீது இயேசு நடந்தாரே? அக்காலத்துக் கடுங்குளிரில் நீரின்மேல் ஆங்காங்கே பனிக்கட்டி உறைந்திருக்கலாம் என்று 2006-ல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோரோன் நோப் எழுதினார். அந்த நீரிலேயே பிழைத்த மீனவர்களுக்குப் பனிக்கட்டியும் தண்ணீரும் வேறுபாடு தெரியாமற் போயிற்று என்று நாம் நம்ப வேண்டும்! பேதுரு மூழ்கத் தொடங்கியதற்கு மட்டும் இது நன்றாகப் பொருந்துகிறது. ஜெர்மானியப் பேராசிரியர் பவுலுஸ் 1828-ல் இன்னும் எளிதாக முடித்தார்: இயேசு நடந்தது கரையில், ஐந்து அப்பங்கள் பெருகவுமில்லை, மக்கள் ஒளித்து வைத்திருந்த உணவை வெளியே எடுத்தார்கள், அவ்வளவே. 1835-ல் அவரைக் கடுமையாகத் தாக்கியவர் குருவானவர் அல்லர். புதுமைகளையே நம்பாத டேவிட் ஸ்ட்ராஸ். புதுமையைவிட விளக்கத்தை நம்புவதே கடினம் என்றால், வேறென்ன நேரும்?

செங்கடல் செய்தி வேறு வகை. இரவெல்லாம் வீசிய பலத்த கீழைக் காற்றைப் பற்றி விவிலியமே சொல்கிறது. 2010-ல் அமெரிக்க அறிவியலார் ட்ரூஸ், ஹான் இருவரும் நைல் கழிமுகத்தின் கிழக்குப் பகுதியைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்த்தனர். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகக் காற்று பன்னிரண்டு மணி நேரம் வீசினால், இரண்டு மீட்டர் ஆழ நீர் விலகி, நான்கு மணி நேரம் வழிவிடும் என்று கண்டனர். இதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை; காற்றும் இறைவனுடையதே.

ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ நாம் மறப்பதற்கில்லை. அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. அதே காலையில் வேளாங்கண்ணியில் திருயாத்திரிகர் பலர் அலைக்கு இரையாயினர். கடல் ஏன் விலகியது, ஏன் சீறித் திரும்பியது என்பதை நில இயல் தெளிவாகச் சொல்லும். இஸ்ராயேலருக்கு வழிவிட்ட நீர் இவர்களுக்கு ஏன் வழிவிடவில்லை என்பதற்கு அவ்வியலில் பதில் இல்லை. நம்மிடமும் எளிய பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்வது இறந்தோருக்குச் செய்யும் மரியாதையாகாது.

புனித அகுஸ்தினார் இவ்விளையாட்டைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆடியவர். வானத்து மழை ஆண்டுதோறும் கொடியில் திராட்சை இரசமாகிறது, கானாவில் அதுவே விரைவில் நடந்தது என்றார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததைவிட உலகை நடத்துவதே பெரிய புதுமை, பழகிப்போனதால் நாம் வியப்பதில்லை என்றார். அழகிய கையெழுத்தைக் கண்டால் எழுத்தழகைப் புகழ்வதோடு நில்லாமல் அதைப் படிக்கவும் வேண்டும், புதுமையும் அத்தகையதே என்பது அவர் கருத்து. ஆக, 'எப்படி' என்று கேட்கும் பிள்ளையைத் திருச்சபை அடக்கியதில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. சில மறைக்கல்வி வகுப்புகளை நினைத்தால் நா எழவில்லை.

சிலுவையின் செய்தி இவற்றினின்றும் வேறானது. மன்னாவைப் பூச்சியின் இனிப்பு என்றாலும் பசித்தவர் உண்டது உண்டதுதான். இயேசுவை அகந்தை என்றால், அறையுண்ட மனிதர் ஒருவர் அங்கே இல்லாமற் போகிறார். நம் விசுவாச அறிக்கையில் உரோமை ஆளுநன் பிலாத்துவின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. அகந்தை அழிவதற்கு ஆளுநன் எதற்கு? குறித்த ஒரு நாட்டில், குறித்த ஓர் ஆட்சியில், ஒரு தாய் பெற்ற மகனைக் கொன்றார்கள் என்பதற்காகவே அப்பெயர் அங்கு நிற்கிறது. நம் வீட்டுச் சுவரில் இருப்பதும் வெறும் சிலுவையன்று, பாடுபட்ட சுரூபம்.

ஆயினும் மகரிஷியின் சொல்லை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. கிறிஸ்துவோடு தாமும் அறையுண்டதாகவும், இனி வாழ்வது தாம் அல்ல என்றும் கலாத்தியருக்கு எழுதியவர் பவுலடியார். அகந்தை சாக வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே. பவுலுக்கு அது தமக்காக உயிர்விட்ட ஒருவரோடு சேர்ந்து சாவது. அங்கேதான் வழி பிரிகிறது.

இப்பிரிவை வாழ்ந்தே பார்த்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்றி லெ சோ 1949 ஜனவரியில் அருட்தந்தை மோன்சானினுடன் ரமணாசிரமத்துக்கு வந்து மகரிஷியைக் கண்டார். மறு ஆண்டு இருவரும் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கினர். அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்ட லெ சோ, 1952 முதல் அவ்வப்போது அண்ணாமலைக் குகைகளில் தனித்திருந்தார். மகரிஷியிடம் கண்ட ஒளியையும் மறுக்கவில்லை, தம் குருத்துவத்தையும் துறக்கவில்லை. 1973 டிசம்பர் 7-ல் இந்தூரில் அவர் இறந்தார். இரண்டுக்கும் இடையே அவர் பட்ட வேதனை, 1986-ல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆங்கிலத்திலும் அது கிடைக்கிறது. சிலுவையைப் பற்றிக் கேட்ட பிள்ளையிடம் அதைக் கொடுக்கலாம். தகப்பனார் முதலில் படித்துவிட்டுக் கொடுத்தால் இன்னும் நன்று.