50 புள்ளிக்காரருக்கு ஏன் விருது இல்லை?

அமெரிக்கக் கூடைப்பந்தின் 1961-62 பருவத்தில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லைன் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். ரீபவுண்டு 25.7. கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தை அத்தனை தடவை கைப்பற்றினார் என்று பொருள். அதே பருவத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸலுக்கு 18.9 புள்ளி, 23.6 ரீபவுண்டு. மிக மதிப்பு வாய்ந்த வீரர் விருதுக்கு அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டவர்கள் சக வீரர்கள். அவர்கள் ரஸ்ஸலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

60 வருடம் தாண்டியும் அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் இந்தக் கணக்கை முடித்துவைக்கவில்லை. யார் உசத்தி, ஜோர்டனா லெப்ரானா என்று இன்று நடக்கும் சண்டையும் இதன் வாரிசுதான். இரண்டு பக்கமும் எண்களை அள்ளி வீசுவார்கள். எந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பழகிக்கொள்ள வில்ட்–ரஸ்ஸல் வழக்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சராசரியைக் கேட்டதும் எழ வேண்டிய கேள்வி, எத்தனை வாய்ப்பில் எடுத்தார் என்பது. ஸ்ட்ரைக் ரேட் சொல்லாமல் ஓட்டத்தை மட்டும் சொன்னால் நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகர் சும்மா விடுவாரா? அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். அந்தப் பருவத்தில் வில்ட் களத்தில் நின்றது சராசரியாக 48.5 நிமிடம். அச்சுப் பிழை இல்லை. கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களையும் சேர்த்து, அவர் ஏறக்குறைய உட்காரவே இல்லை. ஆட்டமும் அன்று தலைதெறிக்கும் வேகத்தில் ஓடியது. ஓர் அணி ஒரு ஆட்டத்தில் சுமார் 108 தடவை கூடையை நோக்கி எறிந்தது; 2023-24இல் அது சுமார் 89தான். அன்று எறிந்ததில் 42.6 சதவீதமே உள்ளே விழுந்தது, 2023-24இல் 47 சதவீதத்துக்கு மேல். பெருக்கிப் பாருங்கள்: அன்று ஓர் அணி தவறவிட்டது ஆட்டத்துக்கு ஏறக்குறைய 62, 2023-24இல் 47. தெறித்து வந்த பந்தே அதிகம் என்றால், பிடித்த பந்தும் அதிகமாகத்தானே இருக்கும்? இதனால்தான் இன்றைய கணக்காளர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்பதோடு நிறுத்துவதில்லை. பந்து ஓர் அணியின் கைக்கு வந்து எதிரணியிடம் போகும்வரை ஒரு முறை என்று வைத்து, 100 முறைக்கு எவ்வளவு என்று சொல்கிறார்கள்.

அடுத்தது சிக்கனம். எடுத்த புள்ளிக்கு எத்தனை எறிதல் செலவானது? இதற்கு ஒரு சின்னச் சூத்திரம் உண்டு. ஃப்ரீ த்ரோக்களின் (எதிரணி செய்த தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்புகளின்) எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, களத்திலிருந்து எறிந்ததோடு கூட்டுங்கள். அதை இரட்டிப்பாக்கி, எடுத்த புள்ளியை அதனால் வகுங்கள். 0.44 எங்கிருந்து வந்தது? ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிடைக்கும், ஆகவே ஒன்று அரை வாய்ப்புக்குச் சமம். கூடையும் விழுந்து கூடவே ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும் தருணங்களைக் கழித்தால் அரை கொஞ்சம் தேய்ந்து 0.44 ஆகிறது.

1962 மார்ச் 2, ஹெர்ஷி நகரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக வில்ட் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். களத்திலிருந்து 63 எறிதல், 32 ஃப்ரீ த்ரோ. விடை சுமார் 65 சதவீதம். அற்புதம்தான். பருவம் முழுக்கப் பார்த்தால் அவர் எண் 53.6. ஸ்டீஃபன் கரி 2015-16இல் 30.1 புள்ளிதான் எடுத்தார், அதுவும் 34 நிமிடத்தில். அவருடைய எண் 66.9. அதனால் கரி உசத்தி என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்ததே 1979-80இல். ஒருவரை அவர் காலத்துச் சராசரியோடு ஒப்பிடுவதுதான் நியாயம். லீக் மொத்தமும் 42.6 சதவீதம் போட்ட பருவத்தில் வில்ட் 50.6 சதவீதம் போட்டார்.

அப்படியானால் ஏன் ரஸ்ஸல்? எறிந்ததைத் தடுப்பதையும், பந்தைப் பறிப்பதையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1973-74இல். ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969இல். அவர் எதில் மன்னரோ அதற்குக் கணக்கேட்டில் பத்தியே கிடையாது. பக்கத்தில் நின்று ஆடியவர்களுக்கு அது கண்ணால் தெரிந்தது, ஓட்டுப் போட்டார்கள்.

இந்தக் குருட்டுப் புள்ளியை அடைக்க உதவுவதுதான் பிளஸ்-மைனஸ். ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவர் அணி எவ்வளவு முன்னேறியது அல்லது பின்தங்கியது, அவ்வளவே கணக்கு. ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ஷேன் பாட்டியர் பற்றி 2009இல் எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் எழுதிய நீண்ட கட்டுரை இதைப் பிரபலமாக்கியது. பாட்டியரின் புள்ளியும் ரீபவுண்டும் சாதாரணம். அவர் களத்தில் இருந்தால் அணி நன்றாக ஆடியது. எதிரணியின் கோபி பிரயன்ட்டைத் தடுத்து ஆடும்போது, அவருக்குக் குறைவாகப் பலிக்கும் இடங்களிலிருந்து எறியும்படி தள்ளிக்கொண்டே போவார். ஆனால் பிளஸ்-மைனஸை ஒற்றை ஆட்டத்துக்கு வைத்துப் பேசுபவரை நம்பாதீர்கள். நட்சத்திரங்களோடு சேர்ந்து இறங்குபவருக்கு ஓசியில் பிளஸ் விழும். கூட ஆடியவர் யார், எதிரே நின்றவர் யார் என்பதையெல்லாம் கழித்து, பல பருவங்களைச் சேர்த்த பிறகே அது கொஞ்சம் நிலைப்படும்.

அணிகளைப் பற்றிய சண்டையில் நான் முதலில் பார்ப்பது வெற்றிகளின் எண்ணிக்கையைவிட, சராசரிப் புள்ளி வித்தியாசத்தை. 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73 வென்று 9 தோற்றது. 1995-96 சிகாகோ புல்ஸ் 72 வென்று 10 தோற்றது. வித்தியாசத்தில் வாரியர்ஸ் 10.8, புல்ஸ் 12.2. கோப்பை வென்றது புல்ஸ். வாரியர்ஸ் இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்து கிளீவ்லாண்டிடம் கோட்டைவிட்டது.

வில்ட்டுக்கே திரும்புவோம். 1966-67இல் அவர் சராசரி 24.1 புள்ளியாகச் சரிந்தது. பாதிக்கும் கீழே! ஆனால் எறிந்ததில் 68.3 சதவீதம் போட்டார், ஆட்டத்துக்கு 7.8 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார். அவருடைய புதிய அணியான செவன்ட்டிசிக்ஸர்ஸ் 68 ஆட்டம் வென்று, ரஸ்ஸலின் செல்டிக்ஸைத் தாண்டி, கோப்பையையும் எடுத்தது.

மீதமிருப்பது ரஸ்ஸல் கட்சியின் கடைசி ஆயுதம்: 13 பருவம், 11 கோப்பை. கனமான எண். ஆனால் அந்த 1962ஆம் வருடக் கோப்பைக்குப் போகும் வழியில் செல்டிக்ஸ் வில்ட்டின் வாரியர்ஸை ஏழாவது ஆட்டத்தில் வென்றது 109-107 என்ற கணக்கில். கடைசி 2 வினாடியில் அந்த வெற்றிக் கூடையைப் போட்டவர் சாம் ஜோன்ஸ்.