மரத்தைக் கட்டினால் படகு, சங்கம் கட்டினால் வாழ்வு



மலை மேலே இருக்கிற நமக்கும் கடலில் போகிற படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. மலைவேம்பு, இலவு மாதிரி லேசான மரங்களில்தான் நம் கடற்கரை மக்கள் கட்டுமரம் செய்தார்கள்.

கட்டுமரம் என்றால் என்ன?

கட்டிய மரம், அவ்வளவுதான். ஆணி கிடையாது. மூன்று முதல் ஏழு கட்டைகள் வரை சேர்ப்பார்கள். முன்பக்கம் மேலே வளைந்து வருகிற மாதிரி செதுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியாக ஓடிவிடும். அதனால் தண்ணீர் நிரம்பி மூழ்குமோ என்ற பயம் இல்லை. மண்டி போட்டு உட்கார்ந்து துடுப்பு போடுவார்கள்.

கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயப் போடுவார்கள். ஏன் தெரியுமா? ஊறின கட்டை கனத்துப்போகும், ஆளையும் வலையையும் தாங்காது. கனத்த மரங்களை விட்டு லேசான மரத்தைத் தேடியதும் இதனால்தான்.

இந்தத் தமிழ்ச் சொல் வெளிநாட்டுக்கும் போயிருக்கிறது. 1697-ல் வெளிவந்த டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமியின் பயணப் புத்தகத்திலேயே கட்டுமரம் வருகிறது. இன்றைக்கு உலகம் முழுக்க இரட்டை அடிப்பாகம் உள்ள படகை ‘கேட்டமரான்’ என்கிறார்கள்.

படகையும் தைக்கலாம்

பிறகு பெரிய கட்டைகள் கிடைப்பது குறைந்தது, விலையும் ஏறியது. அதனால் 1980-களில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் செய்ய ஆரம்பித்தார்கள். நம் தையல் வேலை மாதிரிதான் இதுவும். அளவு வரைந்து பலகையை வெட்ட வேண்டும். ஓரமாக வரிசையாகத் துளை போட வேண்டும். இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கம்பியால் முறுக்கித் தைக்க வேண்டும். தைத்த இடத்தில் பசையும் கண்ணாடி நார்ப் பட்டையும் ஒட்டிக் காயவிட்டால் தண்ணீர் புகாது.

வெளிநாடுகளில் பலர் ‘கயாக்’ என்ற ஒல்லியான கடல் படகை வீட்டிலேயே இதே முறையில் செய்துகொள்கிறார்கள். கயாக் வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்களுடையது. ஆண்கள் மரச்சட்டம் செய்வார்கள், பெண்கள் கடல்நாய்த் தோலைத் தண்ணீர் புகாமல் தைத்து மூடுவார்கள். தையல் விட்டால் கணவன் உயிர் போகும். படகு ஆண் பெயரில் இருந்தாலும் அதைக் காப்பாற்றியது பெண்ணின் ஊசிதான்.

கயாக் துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து வலம், இடம் என மாற்றி மாற்றிப் போட வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் தோள் வலிக்கும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டும். எந்தப் படகானாலும் உயிர்காப்பு உடை அவசியம். நம்ம வாசலூர்பட்டி படகில் ஏறினாலும் பிள்ளைகளுக்கு முதலில் அதை மாட்டிவிடுங்கள்.

படகு யாருடையது?

இதுதான் நமக்கான பாடம். படகு வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கினவர், பிடித்த மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. கடனும் தீராது, விலையும் கிடைக்காது. இதை மாற்ற மீனவர்கள் கிராமத்துக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஒரு கூட்டமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமை அமைப்பு என்று உருவாக்கினார்கள். அந்தத் தலைமை அமைப்பு 1980-ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம். சங்கமே மீனை ஏலம் விட்டது. படகுக்கும் வலைக்கும் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தது. மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கடனை அடைத்தது. சேமிப்பும் சேர்ந்தது. குழு, கூட்டமைப்பு என்று நாம் வைத்திருப்பதும் இதே ஏணிதானே?

ஆனால் ஒரு குறை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு படகு இழந்தவர்களுக்குப் படகு கிடைத்தது. தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள் இழந்த கூடையும் கைமுதலும் பல இடங்களில் கணக்கிலேயே வரவில்லை. பெயர் எழுதப்படாத உழைப்பு, இழப்பு வரும்போதும் எழுதப்படுவதில்லை.

நம்ம மலையில் மிளகுக்கும் காபிக்கும் முன்பணம் வாங்குகிற வீடுகள் உண்டு. காகிதத்துக்கும் பிளைவுட்டுக்கும் மலைவேம்பு வாங்குகிறார்கள் என்று கன்று நடுகிறவர்களும் உண்டு. நடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் யார், விலை பேசுவது யார்? மரம் வெட்டுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் அனுமதி விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை வீடுகள் முன்பணத்தில் மாட்டியிருக்கின்றன?
2. அந்தக் கடனைக் குழுக் கடனாக மாற்ற முடியுமா?
3. குழுக் கடனில் வாங்கிய மாடு, இயந்திரம், நட்ட மரம் யார் பெயரில் இருக்கின்றன?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள்.