வாத்தியத்திற்கு ஆலயத்தில் என்ன இடம்?

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பனைத் தோட்டங்களும் தொழிற்சாலைக் கூரைகளும் மாறி மாறி வரும் கோலலங்காட் மாவட்டத்துச் சிற்றூராகிய ஜெஞ்சாரோமில் சில நாட்கள் காது கொடுத்துத் தங்கியிருப்பவர், வழிபாட்டுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய நெடுங்கால விவாதத்தை எந்த நூலையும் புரட்டாமலே அறிந்துகொள்ளலாம். பள்ளிவாசலிலிருந்து எழும் தொழுகை அழைப்பில் மனிதக் குரலைத் தவிர வேறு நாதம் இல்லை. தைவானின் ஃபோ குவாங் ஷான் மடத்தைச் சேர்ந்த டோங் சென் விகாரையில், மந்திரம் ஓதுவோரின் நடையை மரமீன் என்னும் குடைந்த மரக்கருவியின் தட்டும் மணியோசையும் கட்டிக் காக்கின்றன. அம்மன் கோயில் திருவிழாவிலோ நாதஸ்வரமும் தவிலும் முழங்க, வீதியில் உறுமி மேளம் அதிர்கிறது. ஞாயிறு காலையில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் இடங்களில் கீபோர்டும் கித்தாரும் டிரம்ஸும் ஒலிபெருக்கி வழியாகத் தெருவரைக்கும் கேட்கின்றன. மற்றவர்கள் தத்தம் சம்பிரதாயத்தில் ஐயமின்றி நிற்க, கிறிஸ்தவர்களாகிய எங்களிடையே மட்டும், ஆலயத்தில் வாத்தியம் தகுமா, தகுமெனில் எந்த வாத்தியம், எவ்வளவு என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இந்த வழக்கு நேற்று முளைத்ததன்று. வேதாகமத்தின் சங்கீத புத்தகம் தன் கடைசிச் சங்கீதத்தில் எக்காளம், வீணை, யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று வாத்தியங்களை வரிசையாக அழைத்துக் கடவுளைத் துதிக்கச் சொல்கிறது. புதிய ஏற்பாட்டிலோ, இயேசு தம் சீடர்களோடு கடைசி இராப்போஜனத்தை முடித்துப் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் புறப்பட்டார் என்ற செய்தி இருக்கிறதேயன்றி, எந்தக் கருவி ஒலித்தது என்ற பேச்சே இல்லை. எபேசு சபைக்கும் கொலோசெ சபைக்கும் பவுல் எழுதிய நிருபங்களும் இதயத்தில் பாடுவதைப் பற்றிச் சொல்லி அமைகின்றன. இந்த மௌனத்தை அனுமதி என்று கொள்வதா, தடை என்று கொள்வதா என்பதில்தான் சபைகள் பிரிந்தன. ஆதிச் சபையின் பிதாக்களான அலெக்சாந்திரியா கிளமெந்துவும் யோவான் கிறிசோஸ்தமும் வாத்தியத்தைச் சந்தேகத்தோடு நோக்கினர். ரோமப் பேரரசில் குழலும் முழவும் விக்கிரக பலிக்கும் நாடகக் கொட்டகைக்கும் குடிவிருந்துக்கும் உரியவையாக இருந்தபடியால், அவற்றின் ஓசை காதில் விழுந்த மாத்திரத்தில் புதிதாக மனந்திரும்பியவனின் நெஞ்சம் பழைய இடங்களுக்கு ஓடிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். கீழைத் திருச்சபையில் பெரும்பகுதி இன்றுவரை குரலொன்றாலேயே வழிபடுகிறது.

ஆலய வாத்தியங்களின் அரசி என்று மதிக்கப்படும் ஆர்கனின் பூர்வோத்தரத்தைக் கேட்டால், இவ்விஷயத்தில் பழக்கத்திற்கு எத்தனை வலிமை உண்டென்பது விளங்கும். கான்ஸ்டான்டிநோபிளில் அது ஆலயத்துக்கு உரியதன்று. அரண்மனைச் சடங்குக்கும் பந்தயக் களத்துக்கும் உரியது. 757ஆம் ஆண்டில் அங்கிருந்த பேரரசர் பிராங்கு அரசனான பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அரசவைக் காட்சிப்பொருளாக மேற்கே வந்த அந்தக் கருவி, சில நூற்றாண்டுகளில் மடங்களிலும் பேராலயங்களிலும் குடியேறி, பிற வாத்தியங்களின் தகுதியை அளக்கும் அளவுகோலாகவே ஆகிவிட்டது. அதையும் எல்லோரும் ஏற்றார்களில்லை. சூரிச் நகரத்துச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்த ரசிகர். அவருடைய போதனையின் விளைவாகவே அந்நகரத்து ஆர்கன்கள் மௌனமாகி, 1527இல் பெரிய ஆலயத்து ஆர்கன் உடைத்து அகற்றப்பட்டது. அதே காலத்தில் லூத்தரோ தம் வீட்டில் லூட் என்னும் நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு, சங்கீதத்தைத் தேவ வரமென்று போற்றினார். அமெரிக்காவில், மற்றக் காரணங்களோடு ஆலய வாத்தியமும் சேர்ந்து ஒரு சபையையே இரண்டாக்கியதை 1906ஆம் ஆண்டு அந்நாட்டுச் சமயக் கணக்கெடுப்பு பதிவு செய்தது. வாத்தியத்தை விலக்கியவர்களைச் சங்கீத விரோதிகள் என்று பழிப்பது அநியாயம். வாத்தியம் சபையின் வாயிலிருந்து பாட்டைப் பறித்து விடுமோ என்ற கவலை அவர்களில் பலருக்கு இருந்தது. அந்தக் கவலைக்குப் பின்னால் உண்மை இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் வேறொரு கோலம் கொண்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரிகள் தங்கள் நாட்டு மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தி ஞானப்பாட்டுகளைத் தந்தார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தஞ்சையில் கவிராயராக விளங்கி, குறவஞ்சியும் கீர்த்தனையும் பதமுமாகத் தமிழ்ச் சங்கீதத்தின் எல்லா உருவங்களிலும் கிறிஸ்துவைப் பாடினார். அவரோடு சுவார்ட்ஸிடம் வளர்ந்த சரபோஜி மன்னர் ஐரோப்பிய வாத்தியக் குழுவைத் தம் சமஸ்தானத்தில் வைத்திருந்தார். அதே தலைமுறையில் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குச் சொந்தமாக்கினார். மேனாட்டு வாத்தியம் நம் சங்கீதத்துள் மரியாதையோடு நுழைந்த அக்காலத்தில், நம் சங்கீதம் நம் ஆலயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் தமிழ்ப் பாட்டை வழிபாட்டிலிருந்து விலக்க முற்பட்டபோது சாஸ்திரியார் கொதித்தெழுந்து, அவர்கள் இழைத்த நான்கு கொடுமைகளில் அதுவும் ஒன்றென்று எழுதினார்.

மற்ற மூன்றையும் மறைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் கொண்டாடுவது நேர்மையாகாது. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியதும், விசேஷங்களில் பூக்களைத் தடுத்ததும் இரண்டு; எஞ்சிய ஒன்று, சாதி வேறுபாடின்றிச் சபையார் அனைவரையும் ஒன்றாகக் கலக்கச் செய்தது. ஆலயத்தில் சாதிக்குச் சாதி தனித்தனியே அமரும் வழக்கத்தைக் காக்க வேண்டுமென்று நின்ற சாஸ்திரியார், தமிழ்ப் பாட்டுக்காக நின்ற சாஸ்திரியார் இருவரும் ஒரே மனிதர். முன்னதில் மிஷனரிகள் பக்கம் நியாயம்; பின்னதில் கவிராயர் பக்கம் நியாயம். அநீதி செய்யும் கைகளின் வாத்திய ஓசையைக் கேட்கமாட்டேன் என்று கடவுள் சொல்வதாக ஆமோஸ் தீர்க்கதரிசி முழங்கிய அதிகாரத்தை இரு தரப்பாரும் படித்தவர்களே. எந்த வாத்தியம் என்ற கேள்வியோடு, யாருடைய வாத்தியம் என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது; தமிழ்ச் சபைகள் அதற்கு விடையளிக்க நூற்றைம்பது ஆண்டுகள் தாமதித்தன.

பாட்டின் வழக்கோ விரைவிலேயே கவிராயருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் பாதிரியார், எண்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்த சாஸ்திரியாரின் பாடல்களுக்குச் சிறப்பிடம் தந்து 1853இல் கீர்த்தனைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதன் பின்னர், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் குறிக்கப்பட்ட கீர்த்தனைப் புத்தகம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் வேதாகமத்துக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் இந்தப் பரம்பரையில் வந்தவர்.

இந்த மலாயாவுக்குப் பால்மரம் வெட்டவும் ரயில் பாதை போடவும் வந்த தமிழர்களோடு அந்தப் புத்தகமும் கப்பலேறியது. அவர்கள் வந்து சேர்ந்த தலைநகரில் வாத்தியத்தின் சிகரம் வெள்ளைக்காரரின் ஆலயத்தில் இருந்தது: இன்று மெர்டேக்கா சதுக்கம் என்று வழங்கும் திடலின் அருகே நிற்கும் செயிண்ட் மேரி பேராலயத்தில், லண்டன் செயிண்ட் பால் பேராலயத்துக்கு ஆர்கன் அமைத்த ஹென்றி வில்லிஸ், 1895இல் உருவாக்கிய ஆர்கன் நிறுவப்பட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளுக்கு நடுவே 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்தில் தரங்கம்பாடி மரபின் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் கேட்டன. கத்தோலிக்கர்களுக்கோ 1903இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் பிறப்பித்த ஆணை இருந்தது. பியானோவும் முரசும் ஜாலராவும் ஆலயத்தில் கூடா, ஆர்கனே தகும் என்பது அதன் சாரம். கிள்ளான் லூர்து மாதா ஆலயம் 1928இல் கட்டப்பட்ட காலத்தில் நடைமுறையிலிருந்த சட்டம் அதுதான். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆர்கனின் மதிப்பைக் குறைக்காமலே அந்தந்த மக்களின் இசைக்கும் கருவிக்கும் கதவைத் திறந்தது.

தோட்டங்களில் ஆர்கன் ஏது? நான் சிறுவனாக வளர்ந்த லயத்தில், ஜெஞ்சாரோமை அடுத்த அந்தப் பால்மரக் காட்டில், சனிக்கிழமை இரவு ஜெபக்கூட்டம் முன்வாசலில் நடக்கும். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாய் விரித்திருக்கும். இடக்கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டு வலக்கையால் வாசிக்கும் ஒரு கைஹார்மோனியம், ஒரு கஞ்சிரா, இரண்டு ஜோடித் தாளம். ஹார்மோனியத்தின் சில கட்டைகள் ஊமையாகிப் போயிருந்தன. பல்லவியை மேய்ப்பர் ஒருமுறை பாடுவார். கூட்டம் அதை வாங்கித் திருப்பிப் பாடும். எழுத்தறியாத பெண்கள் சரணத்துக்குச் சரணம் மனப்பாடமாகப் பாடுவார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஹார்மோனியக்காரர் வாசிப்பதை விட்டுச் சுருதியை மட்டும் பிடித்திருப்பார். அந்த ஒற்றை நாதத்தின்மேல் முப்பது குரல்கள் நிற்கும். வாத்தியம் எங்கே பேச வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குப் போதித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஹார்மோனியமும் அந்நியக் கருவியே. 1842இல் பாரிஸில் டெபேன் என்பவர் காப்புரிமை பெற்று, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் தரையில் அமர்ந்து வாசிக்க ஏற்றபடி மாற்றியமைத்தது அது. சுரங்களை வளைத்துக் கமகம் காட்ட இயலாது என்ற ஆட்சேபத்தால் அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் அதைத் தன் நிலையங்களிலிருந்து நீக்கி, 1971 வரை அத்தடையைத் தளர்த்தாதிருந்தது. ஆட்சேபத்தின் சாஸ்திரம் சரியே. ஆனாலும் ஏழையின் ஜெபக்கூட்டத்தில் அது கூட்டுப் பாட்டுக்கு அடங்கி நின்றதால் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொண்டது.

அந்த அடக்கம் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைகள் பலவற்றில் தேய்ந்து வருகிறது என்பதே என் மனக்குறை. கீபோர்டின் பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. கீர்த்தனையின் தலைப்பில் ரூபகமோ சாபுவோ குறிக்கப்பட்டிருந்தாலும், இயந்திரத் தாளத்துக்குள் பாட்டைத் திணிக்கிறோம். மோகனம் போன்ற நேரான ராகங்கள் ஒருவாறு தப்பிப் பிழைக்கின்றன; ஆனந்தபைரவியும் தோடியும் எலும்புக் கூடாகிவிடுகின்றன. அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மேடையில் நால்வர் ஒலிவாங்கியோடு நின்று பாட, டிரம்ஸின் அதிர்வு நெஞ்சில் இடிக்க, கீழே நிற்கும் இருநூறு பேரில் பெரும்பாலோர் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் குரலும் காதில் விழாத இடத்தில் மனிதன் பாடமாட்டான். தன் குரல் தேவையில்லை என்பதை அவன் சொல்லாமலே உணர்ந்துகொள்கிறான். முதியோர் அப்படித்தான் முதலில் மௌனமானார்கள். வாத்தியத்தை விலக்கியவர்களின் பயம் வேறு வழியாக வந்து பலித்திருக்கிறது.

யாருடைய வாத்தியம் என்ற பழைய கேள்விக்கு, மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு விடையளித்தார். 'பறட்டை அண்ணன்' என்று அழைக்கப்பட்ட அவர், 2005இல் மறையும்வரை நாட்டுப்புற மெட்டிலே வழிபாட்டு முறைமைகளை இயற்றி, சாவுக்கு அடிப்பதென்றும் தாழ்ந்தோர் தொடுவதென்றும் ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் அழைத்து வந்தார். ஜெர்மானிய மெட்டைத் தூயதென்று ஏற்றவர்கள், அரசவையிலிருந்து வந்த ஆர்கனைத் தூயதென்று ஏற்றவர்கள், தம் உடன் சபையானின் தகப்பன் அடித்த பறையைத் தீட்டென்று வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தீர்ப்பைச் சங்கீத சாஸ்திரம் எழுதவில்லை, சாதி எழுதியது. சாஸ்திரியார் காணத் தவறிய பாதியை அப்பாவு கண்டார் என்று நான் மனமாரச் சொல்வேன்.

உறுமியின் சங்கதி அத்தனை எளிதன்று. தைப்பூச வீதிகளில் எங்கள் இன இளைஞர்கள் அதை எத்தனை சிரத்தையோடு வளர்த்திருக்கிறார்கள் என்பதை நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். ஆயினும் அந்த ஒலி கேட்டதும் அருள் இறங்கும் நினைவு வருகிறதென்று முதல் தலைமுறைக் கிறிஸ்தவர் ஒருவர் தயங்கினால், அத்தயக்கத்தைப் பழமைவாதம் என்று தள்ளக்கூடாது; கிறிசோஸ்தம் குழலைக் கேட்டு அஞ்சியதும் இவ்வாறே. பறையும் கஞ்சிராவும் தாளமும் இன்றே வரட்டும். உறுமி அந்தந்தச் சபையின் மனச்சாட்சி இடங்கொடுக்கும் நாளில் வரலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது: வாத்தியம் ஆலயத்துக்கு உரியதே, சபையின் பாட்டைத் தாங்கும் வரையில். போதகர்களுக்கும் பாடகர் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிறு ஏதேனும் ஒரு கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியங்களையும் ஒலிவாங்கிகளையும் நிறுத்திவிட்டு, சபை பாடுகிறதா என்று கேளுங்கள். பாடினால், உங்கள் வாத்தியங்கள் தம் வேலையைச் செவ்வனே செய்கின்றன. பாடாவிட்டால், புதிய ஒலிபெருக்கிக்கு ஒதுக்கி வைத்த பணத்தைக் கொண்டு, சபையின் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் கீர்த்தனை கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள்.