அணுகுண்டு விழுந்தால் நகரம் எங்கே ஒதுங்கும்?

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில், சோனன்பெர்க் குன்றைக் குடைந்து அமைத்த நெடுஞ்சாலைச் சுரங்கம் 1976-இல் திறக்கப்பட்டது. போர் மூண்டால் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, அந்த இரட்டைச் சுரங்கத்தில் 20,000 பேரைத் தங்கவைப்பதாகத் திட்டம். உள்ளே ஏழு அடுக்குகளில் மருத்துவமனை, கட்டுப்பாட்டு அறை, காற்று வடிகட்டிகள். வாயில்களை அடைக்க ஒன்றரை மீட்டர் கனமும் 350 டன் எடையும் கொண்ட கதவுகள்.

எத்தனை நாள் பதுங்க வேண்டும்?

குண்டு நேராக மேலே விழுந்தால் தப்பிப்பது அரிது. சற்றுத் தள்ளியிருப்போரை அடுத்து மிரட்டுவது கதிரியக்கத் தூசி. ஆனால் அதன் வீரியம் விரைவில் தணியும். வெடித்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் கதிர்வீச்சு, 7 மணி நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்காகும். இரண்டு நாளில் நூறில் ஒரு பங்கு. இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவரை தாக்குப்பிடிக்கக் கனத்த கான்கிரீட், வடிகட்டிய காற்று, தண்ணீர், கழிப்பிடம் வேண்டும்.

எங்கே இடறியது?

1987-இல் சோனன்பெர்க்கில் 'எறும்பு' என்ற பெயரில் ஒத்திகை நடந்தது. கட்டில்களைக் கொண்டுவந்து பொருத்தவே நாள்கணக்கானது. ராட்சதக் கதவுகளில் ஒன்று முழுமையாக மூடவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்துசேர அரை மணி நேரம் போதும். கூட்டமாக ஒரே சுரங்கத்தை நோக்கி ஓடும் நகரத்துக்கு அந்த அவகாசம் எப்படிப் போதும்? 2006-இல் சோனன்பெர்க்கின் கொள்ளளவு 2,000 பேராகக் குறைக்கப்பட்டது.

வீட்டுக்கு அடியில்

சுவிட்சர்லாந்துக்குக் கைகொடுப்பது வேறொரு ஏற்பாடு. 1963-இல் வந்த சட்டத்தால், வீடு கட்டும்போதே நிலவறையில் தலைக்கு ஒரு சதுர மீட்டர் வீதம் பதுங்கறை கட்டும் வழக்கம் பரவியது. இன்று நாடெங்கும் சுமார் 90 லட்சம் பேருக்கு இடம் உண்டு.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பாறைக் குகைகளையும் பயன்படுத்துகிறது. மெரிஹாகா குகையில் 6,000 பேர் தங்கலாம். அமைதிக் காலத்தில் அது விளையாட்டரங்கம். பதுங்கிடங்களை 72 மணி நேரத்தில் தயார்நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது சட்டம்.

பதற்றம் படிப்படியாக முற்றும், தயாராக அவகாசம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வகுத்த கெடு அது. முன்னறிவிப்பின்றித் தாக்குதல் வந்தால், படியிறங்கினால் எட்டும் அறைதான் உதவும். அந்த அறையிலும் சைக்கிளையும் ஒயின் புட்டிகளையும் அடைத்துவைத்திருந்தால், முதல் வேலை அவற்றை வெளியே எடுப்பதாகவே இருக்கும்.